துருப்பிடித்த குறுவாளும் நம் கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் அறிஞர் பலர் உரையாற்றக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள நேரத்தில் நான் இரும்பைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். அதிலும், இடுப்பில் செருகிக்கொள்ளும் அளவினதாகிய குறுவாளைப் பற்றிப் பேசப் போகிறேன். "விழா மேடையிலே வாளைப் பற்றிய பேச்சா?" என்று தாய்மார்கள் அஞ்ச வேண்டா. பழைய வாள்களைத் தேடித் தொகுப்பது எப்படி, தொகுத்தவற்றைப் பழுது நீக்கிக் காப்பது எப்படி என்பதே என் பேச்சின் பொருள்.

இப்பொருளை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. சீத்தா கேம்பில் வாழும் நம் குடும்பங்களில், திருநெல்வேலிச் சீமையிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ பாட்டனார் கொண்டுவந்த ஒரு பழைய அரிவாளோ, பிச்சுவாவோ, கட்டாரியோ பரண்மேல் துணியிற் சுற்றிக் கிடக்கலாம். 1976-ஆம் ஆண்டில் ஜனதா காலனியிலிருந்து நம்மவர்கள் பெயர்க்கப்பட்டு இங்கே குடியேற்றப்பட்ட வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. வீட்டையே விட்டு வந்தவர்கள் வீட்டுப் பொருள்கள் அனைத்தையும் கொண்டுவந்திருக்க இயலுமா? அதற்குத் தப்பி வந்த பழம்பொருளுக்கு இன்று இரண்டு பகைகள் உள்ளன. ஒன்று, 'பங்கார்' கடை என்று நாம் இங்கே வழங்கும் பழைய இரும்புக் கடை. மற்றொன்று, சாணைச் சக்கரம். முதலாவது வாளை எடைக்கு வாங்கி உருக்கிவிடுகிறது. இரண்டாவது, அன்பின் பெயரால் அதன் முகத்தைத் தேய்த்து அழிக்கிறது. இவ்விரண்டில் எதனால் நேரும் இழப்பு பெரிது என்று கேட்டால், விடை சொல்லுவது எளிதன்று.

ஔவையார் கண்ட இரு கொட்டில்கள்

படைக்கலம் தொகுத்துக் காக்கும் கலை நமக்குப் புதியதா? புறநானூற்றின் 95-ஆம் பாட்டு ஔவையார் பாடியது. அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தூது சென்ற அவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையுடன் காட்டினான். அங்கே வேல்களெல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் அழகுற இருந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லனுடைய சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வதுபோல் பழித்தும், பழிப்பதுபோல் புகழ்ந்தும் பாடிய அத்திறத்தை நாம் பள்ளிப் பருவத்திலேயே கற்று வியந்திருக்கிறோம்.

அப்பாட்டை இன்று வேறொரு கண்கொண்டும் நோக்கலாம். தொண்டைமானின் கொட்டில் ஓர் அருங்காட்சியகம் போன்றது. அதியமானின் கொல்லன் கொட்டில் ஒரு பழுது பார்க்கும் பட்டறை. இரும்புக்கு நெய் பூசினால் ஈரமும் காற்றும் அணுகா என்னும் அறிவு சங்க காலத்திலேயே நம்மிடம் இருந்தது என்பதற்கு அந்த ஒரு பாட்டே சான்று. தொகுத்தலும் காத்தலும் ஆகிய இரண்டு தொழில்களும் ஒரே பாட்டில் இடம் பெற்றிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

கட்டாரி என்னும் குறுவாள்

நம் நாட்டுக் குறுவாள்களுள் உலகப் புகழ் பெற்றது கட்டாரி. வடநாட்டார் 'கட்டார்' என்று வழங்கும் பெயர் தென்னாட்டுக் 'கட்டாரி' என்பதிலிருந்து பிறந்தது என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். பிற வாள்களின் பிடி அலகுக்கு நேராக நீண்டிருக்கும். கட்டாரியின் பிடியோ அலகுக்குக் குறுக்கே, இரண்டு இரும்புத் தண்டுகளுக்கு நடுவே, ஏணிப் படிபோல் அமைந்திருக்கும். அதனை முட்டியாகப் பற்றினால் முழங்கையின் நேர்க்கோட்டிலேயே அலகு நீண்டு நிற்கும். கையின் முழு வலிமையும் முனைக்குச் சென்று சேரும். இரும்பு வளையச் சட்டையையும் ஊடுருவும் பொருட்டு முனையைச் சற்றுத் தடித்ததாக அடிப்பதும் உண்டு.

விசயநகரப் பேரரசின் காலத்திலும் தஞ்சை நாயக்கர் காலத்திலும் செய்யப்பட்ட கட்டாரிகளில், கையின் புறத்தை மறைக்கும் இலை போன்ற காப்பு ஒன்று வளைந்து நிற்கும். அதில் யாளி முகமும் கொடிக் கருக்கும் வெட்டியிருப்பர். கோயில் தூணில் நாம் காணும் சிற்பமே சிறு வடிவில் ஒரு படைக்கலத்தின்மேல் வந்து அமர்ந்ததுபோல் அது தோன்றும். இத்தகைய கட்டாரிகள் பலவற்றில் கைப்பிடி தமிழ்நாட்டு வேலையாக இருக்க, அலகு மட்டும் ஐரோப்பாவில் அடிக்கப்பட்டதாக இருப்பதும் உண்டு. கப்பல் வழியே வந்து இறங்கிய அயல்நாட்டு வாளை நறுக்கி, நம் கம்மியர் தம் பிடியில் ஆணி அறைந்து பொருத்தினர். அவ்வலகில் அயல்நாட்டுக் கொல்லனின் முத்திரை இன்றும் தெரியும். அத்தகைய கட்டாரி ஒன்றைக் கையில் எடுப்பவன், நாகப்பட்டினத் துறைக்கும் ஐரோப்பியத் துறைகளுக்கும் இடையே நடந்த வாணிகத்தையே கையில் எடுக்கிறான். "இஃது அயல்நாட்டு அலகு, நம்முடையது அன்று" என்று ஒருவன் அதனைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய அலகைப் பொருத்தினால், அவன் வாளைப் பழுது பார்த்தவன் ஆவானா? வரலாற்றின் ஓர் ஏட்டைக் கிழித்தவன் ஆவான்.

தஞ்சையில் நேர்ந்த பேரிழப்பு

தமிழ்நாட்டின் மிகப் பெரிய படைக்கலத் தொகுதி தஞ்சை அரண்மனையில் இருந்தது. நாயக்க மன்னர் காலத்துப் படைக்கலங்களும் அவர்க்குப் பின்வந்த மராட்டிய மன்னர் காலத்தனவும் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்தன. இரண்டாம் சரபோசி மன்னர் நூல்களைத் தொகுத்துச் சரசுவதி மகாலை வளப்படுத்தியதை நாடறியும். அந்த ஏடுகள் இருந்த அதே அரண்மனையில்தான் அந்த வாள்களும் இருந்தன.

அவருடைய மகன் இரண்டாம் சிவாசி மன்னர் 1855-ஆம் ஆண்டில் ஆண் மகவின்றி இறந்தார். கும்பினி ஆட்சி தஞ்சை அரசு முடிந்தது என்று அறிவித்தது. அதன்பின் 1860-களில் அந்தப் படைக்கலச் சாலை கலைக்கப்பட்டது. அதனை அறிந்த வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி, 1878-ஆம் ஆண்டில் 'இந்தியன் ஆன்டிக்குவரி' என்னும் ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். அரண்மனைத் தரையில் எல்லா வகைப் படைக்கலங்களும் துருப்பிடித்துக் குவியல் குவியலாகக் கிடந்தன. அவை பல டன் எடை இருந்தன. அவற்றுள் சிறந்தன என்று தோன்றியவற்றைப் பொறுக்கிச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினர். எஞ்சியவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டனர்.

அன்பர்களே, இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். நாயக்க மன்னரின் கம்மியர் பல தலைமுறைகளாக அடித்த வாள்களும் கட்டாரிகளும் அங்குசங்களும் ஈட்டிகளும் எடைக்கல்லில் ஏறின. அவற்றை விற்று வந்த பணம் எதற்குச் செலவாயிற்று என்று இன்று எவரும் நினைப்பதில்லை. விற்கப்பட்ட வாள்களையோ இன்று உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களெல்லாம் விலை கொடுத்தும் பெற இயலாது.

அன்று தப்பியவை நமக்கு எத்துணைப் பயன் தந்தன என்பதையும் கூறவேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள அருங்காட்சியகம் 1851-ஆம் ஆண்டில் தோன்றியது. அங்குச் சென்று சேர்ந்த தஞ்சைப் படைக்கலங்களே இன்று தென்னிந்திய வாள் வகைகளுக்கு அளவுகோலாக விளங்குகின்றன. உலகில் எங்கேனும் ஒரு கட்டாரி கிடைத்து, அது தென்னாட்டதா வடநாட்டதா என்னும் ஐயம் எழுமானால், தஞ்சைத் தொகுதியோடு ஒப்பு நோக்கியே முடிவு செய்கின்றனர். ராபர்ட் எல்குட் என்னும் அறிஞர் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலுக்கு இத்தொகுதி பெருந்துணை செய்தது. நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் தென்னாட்டுக் கட்டாரிகள் உள்ளன. ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்பவர் உலகெங்கும் தேடித் தொகுத்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படைக்கலப் பொருள்களை 1935-ஆம் ஆண்டில் அதற்கு விட்டுச் சென்றார். அவற்றோடு நம் கட்டாரிகளும் சென்றன.

அடங்கிப்போன கைகள்

பாளையக்காரர் போரின் முடிவில் நம் தென்பாண்டிச் சீமையில் நேர்ந்ததும் இத்தகையதே. 1799-ஆம் ஆண்டில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-ஆம் ஆண்டில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்களின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. வாள் அடித்த கொல்லன் கலப்பைக் கொழுவும் அரிவாளும் அடிப்பவன் ஆனான். பின்னர் 1878-ஆம் ஆண்டில் வந்த படைக்கலச் சட்டம் உரிமச் சீட்டின்றிப் படைக்கலம் வைத்திருப்பதைத் தடுத்தது. இவ்வாறு ஒரு நூற்றாண்டுக்குள் ஒரு தொழில் மறைந்தது. தொழிலோடு அதன் சொற்களும் மறையலாயின.

வளரி என்னும் எறிகருவியை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், சின்ன மருதுவிடமே அதனை எறியக் கற்றதாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அக்குறிப்புகள் 1830-ஆம் ஆண்டில் வெளிவந்தன. தம் ஆசான் போன்றவரையே பிறகு எதிர்த்துப் போரிட நேர்ந்ததை அவர் வருத்தத்துடன் குறிப்பிடுகிறார். தஞ்சைப் படைக்கலச் சாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகம் சேர்ந்த வளரிகள் மூன்று. அவற்றுள் இரண்டு யானைத் தந்தத்தால் ஆனவை, ஒன்று மரத்தால் ஆனது. அவை அன்று தப்பாமல் போயிருந்தால், வளரி என்பது ஏதோ கதையில் வரும் பொருள் என்றே இன்று சிலர் சொல்லியிருப்பர்.

பம்பாயிலிருந்து சென்ற உருக்கு

இனி அலகைப் பற்றிச் சிறிது கூறுவேன். பழைய வாள் ஒன்றின் அலகு வெறும் இரும்பாகவும் இருக்கலாம், உருக்காகவும் இருக்கலாம். தென்னாட்டு உருக்கு உலகப் புகழ் வாய்ந்தது. இரும்புத் துண்டுகளையும் இலை, மரத்துண்டு போன்றவற்றையும் மண் மூசையில் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, கரி உலையில் நெடுநேரம் காய்ச்சி, மெல்ல ஆற விடுவர். இலையும் மரமும் கரிந்து தரும் கரிச்சத்து இரும்பில் ஏறி, நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கலக்கும். அவ்வாறு கிடைத்த உருக்கைப் பதமாக அடித்தால், அலகின்மேல் நீரலை போன்ற கோலம் தோன்றும். மேலைநாட்டார் 'டமாஸ்கஸ்' வாள் என்று போற்றியவற்றுள் பலவற்றுக்கு மூலப்பொருள் இந்திய உருக்கே.

இவ்வுருக்கின் ஆராய்ச்சி வரலாற்றில் நாம் வாழும் இந்நகருக்கும் ஓர் இடம் உண்டு. பம்பாயில் மருத்துவராக இருந்த ஹெலினஸ் ஸ்காட் என்பவர், 'வூட்ஸ்' என்னும் பெயரால் இவ்வுருக்குக் கட்டிகளை இலண்டன் அரசவை அறிவியற் கழகத் தலைவருக்கு அனுப்பி வைத்தார். அவற்றை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795-ஆம் ஆண்டில் அக்கழகத்தில் கட்டுரை படித்தார். பின்னர் மைக்கேல் பாரடே, ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்வோருடன் சேர்ந்து இவ்வுருக்கை ஆராய்ந்து 1820-களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டார். மின்சாரத்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற அப்பேரறிஞர் ஒரு கொல்லரின் மகன் என்பதை இங்குள்ள இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

இதை நான் கூறுவதற்குக் காரணம் யாதெனில், நீரலைக் கோலம் அலகின் மேற்பரப்பிலேதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஓடும் சாணைச் சக்கரத்தில் ஒரு நிமிடம் வைத்தால் அக்கோலம் மறையும். வெப்பம் ஏறினால் உருக்கின் பதமும் கெடும். கோலத்தைத் தேர்ந்த வல்லுநர் மீண்டும் வெளிக்கொணரவும் கூடும். ஆனால் அலகில் வெட்டிய எழுத்தோ, பொன் வெள்ளிக் கம்பிகளைப் பதித்துச் செய்த கொடியோ தேய்ந்து போனால் அதனை மீட்க எவராலும் ஆகாது.

துருவுக்குள் இருக்கும் வாள்

"துரு என்றாலே கேடுதானே? அதை முற்றும் நீக்கினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு ஆதிச்சநல்லூர் விடை கூறும். தாமிரபரணிக் கரையில் உள்ள அவ்வூர் உங்களிற் பலருக்கு உறவினர் ஊர் போன்றது. அங்கே 1876-ஆம் ஆண்டில் செர்மானியரான யாகர் முதலில் அகழ்ந்தார். பின்னர் அலெக்சாண்டர் ரீ 1899-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் விரிவாக அகழ்ந்து, தாழிகளோடு இரும்பு வாள்களையும் குத்துவாள்களையும் ஈட்டிகளையும் கண்டெடுத்தார். அண்மையில், 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை, சிவகளை முதலிய இடங்களில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, தமிழ்நாட்டில் இரும்பின் தொன்மை கி. மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்லும் என்று அறிக்கை வெளியிட்டது. அறிஞர் உலகம் அதனை ஆராய்ந்து வருகிறது.

மண்ணுக்குள் அத்துணைக் காலம் கிடந்த இரும்பில், உள்ளே உலோகமே எஞ்சாமல் முழுதும் துருவாகவே மாறியிருப்பதும் உண்டு. வாளின் பழைய மேற்பரப்பு அத்துருவின் அடுக்குகளுக்குள் ஒளிந்திருக்கும். உறையின் மரநாரும், சுற்றிய துணியின் இழையும் அத்துருவிலேயே பதிந்திருக்கும். துருவைச் சுரண்டி எறிந்தால் வாளையே எறிந்ததாகும். ஆதலின், துருவை நீக்குமுன் அத்துருவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவேண்டும். சென்னை அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டிலேயே பழம்பொருள்களைக் காக்கும் வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்று தோன்றியது என்பதும், பரமசிவன் என்னும் தமிழர் அதனைத் தொடக்கத்தில் நடத்தினார் என்பதும் நமக்குப் பெருமை தருவன.

ஆப்பிரிக்க நாட்டுக் குறுவாள்கள் கற்பிக்கும் பாடம்

நம் நிலையை நன்கு உணர, கடலுக்கு அப்பாலும் ஒருமுறை நோக்குவோம். ஆப்பிரிக்கக் குறுவாள்களைத் தொகுப்போர் இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் உள்ளனர். ஆப்பிரிக்க இரும்புக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-இத்ரீசி என்னும் அரபு நிலநூலார், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் இரும்பு இந்தியாவுக்கு ஏற்றுமதியாகி, இந்தியக் கொல்லரால் சிறந்த வாளாக்கப்பட்டது என்று எழுதியுள்ளார். இந்நகருக்குத் தெற்கே கடலில் நிற்கும் சஞ்சிராக் கோட்டையை 1948 வரை ஆண்டவர்களும் ஆப்பிரிக்க வழிவந்த சித்திகளே.

கென்யா, தான்சானியா நாடுகளில் வாழும் மாசாய் மக்களின் குறுவாளுக்குச் 'சிமே' என்று பெயர். பிடியருகே ஒடுங்கி முனையருகே அகன்ற இலை போன்ற அலகும், செந்நிறத் தோலுறையும் உடையது அது. பிற்காலத்தில் பழைய அரங்களையும் வெட்டுக்கத்திகளையும் அடித்தே அவர்கள் இவ்வாளைச் செய்தனர். காங்கோ நாட்டுக் குபா மக்களின் குறுவாள் 'இக்குல்' எனப்படும். 17-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சியாம் என்னும் மன்னன், போரில் எறிகத்தியைப் பயன்படுத்துவதை விலக்கி, அமைதியின் அடையாளமாக இக்குறுவாளை வழக்கிற் கொணர்ந்தான் என்பது அம்மக்களின் மரபு. ஒரு வாளே அமைதிக்கு அடையாளம் ஆயிற்று என்பது எவ்வளவு அரிய செய்தி!

இச்செய்தி நமக்கு எப்படிக் கிடைத்தது? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குச் சென்ற எமில் டார்டே என்பவர், பொருளைப் பெற்றதோடு நில்லாமல், முதியோரிடம் அமர்ந்து அதன் பெயரையும் கதையையும் கேட்டு எழுதினார். அவ்வாறு எழுதப்படாமல் கப்பலேறிய ஆப்பிரிக்க வாள்கள் எத்தனையோ! அவற்றின் கீழே 'ஆப்பிரிக்கா' என்னும் ஒரு சொல் மட்டுமே எழுதப்பட்டுள்ளது. அடித்த கொல்லன் யார், எந்த ஊர், எந்த நாளில் எவர் ஏந்தினர் என்பன யாவும் போயின. இரும்பு இருக்கிறது, வரலாறு இல்லை. பெயரும் ஊரும் அறியாத வாள், பெற்றோர் பெயர் அறியாது வளரும் பிள்ளை போன்றது. பிழைத்திருக்கும், ஆயினும் தன்னைப் பற்றிச் சொல்ல அதற்கு ஒன்றும் இராது.

வீட்டில் செய்யத்தக்கனவும் தகாதனவும்

இனி, பயன்படும் செய்திகள் சிலவற்றை வரிசையாகக் கூறி அமைகிறேன்.

முதலாவது, பழைய வாளைக் கண்டவுடன் துடைக்கத் தொடங்காதீர்கள். இருபுறமும் படம் எடுங்கள். நீளம், அகலம், எடை ஆகியவற்றைக் குறியுங்கள். எழுத்தோ முத்திரையோ தெரிந்தால் அதனைத் தனியே படம் எடுங்கள்.

இரண்டாவது, துருவின் இயல்பை அறியுங்கள். செந்நிறத் தூளாய் உதிர்வது இன்னும் தின்றுகொண்டிருக்கும் துரு. கருமையாய் இறுகிப் படிந்திருப்பது அடங்கிய துரு. அடங்கியதைத் தொட வேண்டா. அஃது அலகுக்குக் காப்பாகவும் நிற்கும். உதிரும் துருவின்மேல் தையற்பொறிக்கு இடும் மெல்லிய எண்ணெயைத் தடவி ஊற விட்டு, மூங்கிற் சிம்பாலும் பருத்தித் துணியாலும் மெல்ல மெல்ல நீக்குங்கள். ஒரு நாளில் முடியாவிடின் பத்து நாளில் முடியட்டும்.

மூன்றாவது, புளி, எலுமிச்சை, செங்கற்பொடி, மணல், உப்புத்தாள், அமிலம், சாணைச் சக்கரம் ஆகிய எவற்றையும் அணுக விடாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி நல்லது என்பதால் வாளுக்கும் நல்லது என்று எண்ண வேண்டா. தேங்காய் எண்ணெயும் ஆகாது. நாளடைவில் அது சிக்கிப் பிசுபிசுத்துத் தூசியை ஈர்க்கும். ஆயுத பூசை நாளில் சந்தனமும் குங்குமமும் இடுவோர், மறுநாளே அவற்றை முற்றும் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவி வைப்பாராக.

நான்காவது, கைப்பிடியைப் பற்றியது. பல வாள்களில் அலகின் காம்பைப் பிடிக்குள் செருகி அரக்கை உருக்கி ஊற்றியிருப்பர். பிடி ஆடினால் பற்றவைப்புக் கடைக்கு ஓடாதீர்கள். இக்காலத்து வன்பசைகளையும் ஊற்றாதீர்கள். அரக்கு இளஞ்சூட்டில் இளகும், ஆறினால் மீண்டும் பற்றும். பின்னொரு நாள் நம்மினும் அறிந்த ஒருவர் வந்து கழற்றிப் பார்க்க வேண்டுமானால் அதற்கும் அது இடங்கொடுக்கும். நாம் செய்யும் எப்பழுதும் பின்வருவோர் நீக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே இக்கலையின் தலையாய நெறி.

ஐந்தாவது, வைக்கும் இடம். டிராம்பே கழிமுகத்தின் உப்புக் காற்றும், நான்கு திங்கள் நீளும் மழையும் இரும்புக்குப் பெரும்பகை. வாளைத் தோலுறைக்குள் செருகியே வைத்தால் தோல் ஈரத்தை உறிஞ்சி அலகுக்கு ஊட்டும். உறையையும் வாளையும் வேறு வேறாக வையுங்கள். வெறுங்கையால் அலகைத் தொட்டால் வியர்வையின் உப்புப் படிந்து, கைரேகையே துருவாய் எழும். புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து, மூடிய பெட்டியில், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஆறாவது, சட்டம். 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், வீட்டுக்கும் உழவுக்கும் பயன்படும் கருவிகளைத் தவிர்த்து, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீண்ட அலகுடைய கத்திகளையும் வாள்களையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆதலின் விதியைக் கேட்டறியாமல் அவற்றைத் தெருவிலும் ஊர்வலத்திலும் எடுத்துச் செல்லலாகாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தின்படி நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் தொல்பொருள் ஆகும். அதனைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது. இரவில் வந்து நல்ல விலை பேசும் தரகரிடம் கொடுக்குமுன் இதனை நினைவிற் கொள்க.

அரியதெனத் தோன்றும் வாள் ஒன்று உங்களிடம் இருக்குமானால், அதன் படங்களோடு கோட்டைப் பகுதியில் உள்ள சத்ரபதி சிவாசி மகராசு அருங்காட்சியகத்துக்குச் சென்று கேளுங்கள். 1922-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அங்கே படைக்கலக் கூடமும் உண்டு, பழம்பொருள் காக்கும் வல்லுநரும் உண்டு. மான்கூர்டில் இரயிலேறினால் அரைநாளில் பார்த்துத் திரும்பலாம். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

பெருமக்களே! வாள்களைச் சங்கத்தில் கொண்டுவந்து சேர்க்குமாறு நான் கூறவில்லை. அவை அவரவர் வீட்டிலேயே, சட்டத்துக்கு உட்பட்டு இருக்கட்டும். சங்கம் தொகுக்க வேண்டியது அவற்றின் வரலாற்றை. ஒரு குறிப்பேடு போதும். வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவோம். உங்கள் வீட்டில் அப்பொருளை எப்பெயரால் அழைப்பர்? எந்த ஊரிலிருந்து வந்தது? அடித்த கொல்லர் எந்த ஊரினர்? எவர் கையில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது? இவற்றை அவ்வீட்டுப் பாட்டியோ பாட்டனாரோ சொல்லச் சொல்ல, பேரப் பிள்ளைகள் எழுதட்டும். தமிழ் எழுதப் பழகும் பிள்ளைக்கு இதனினும் சிறந்த பயிற்சி வேறில்லை. வாள் இல்லாத வீட்டில் அரிவாள்மணை இருக்கும், பாக்குவெட்டி இருக்கும். அவற்றையும் எழுதுவோம். கொல்லனின் கைத்திறன் எல்லாவற்றிலும் ஒன்றே.

தஞ்சையில் வாள்களை எடைபோட்டு விற்றவர்கள் அயலார். அவர்களுக்கு அவற்றின் அருமை தெரியவில்லை என்று நாம் குறை கூறலாம். நம் பரணில் உள்ளதை நாமே எடைக்குப் போட்டால் யாரைக் குறை கூறுவது? வாளுக்கு எண்ணெய் தடவ ஆண்டுக்கு ஒரு நாள் போதும். முதியோரிடம் கதை கேட்கவோ காலம் குறுகிக்கொண்டே வருகிறது. ஆகவே, அடுத்த ஆண்டு மலரில் அக்குறிப்பேட்டின் சில பக்கங்களேனும் இடம் பெறுமாறு இன்றே தொடங்குவோம் என்று வேண்டுகிறேன்.